மருந்து என்று சொல்லாதீர்கள்!

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



"விஞ்ஞானமும் தொழிலாளியும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சந்திரனைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் நம் தோட்டத்து ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கும் விஞ்ஞானத்தைப் பற்றியே பேசப் போகிறேன்.

புல்லைக் கருக்கும் நஞ்சை நாம் என்னவென்று அழைக்கிறோம்? "மருந்து" என்கிறோம். "மருந்தடிக்கப் போகிறேன்" என்கிறோம். உயிரைக் காப்பதற்குரிய பெயரை உயிரைக் குடிப்பதற்குக் கொடுத்துவிட்டோம். பிறகு பயம் எங்கிருந்து வரும்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலையில் பாராகுவாட் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அக்காள் லேபிளைக் காட்டி, "இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டார். "விஷம் அக்கா, பார்த்து அடிங்க" என்றேன். கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்; கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று பிற்பகல், அடைத்துக்கொண்ட பம்பு முனையை அவர் வாயில் வைத்து ஊதப் போனதைக் கண்டேன். ஓடிப்போய்த் தடுத்தேன். "விஷம்னு தெரியும் தம்பி. ஊதக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றார். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

பாராகுவாட்டை ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. புண்ணும் வெடிப்பும் உள்ள தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். இதெல்லாம் டாக்டர்கள் அறிந்த செய்தி. பெரட்டுக்களத்துக்குத்தான் வந்து சேரவில்லை. மலேசிய அரசாங்கம் 2002-இல் அதற்குத் தடை விதித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் முழுவதும் தடை செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பம்பைச் சுமந்தது நம் முதுகல்லவா?

பாராகுவாட் போயிற்று, பம்பு போகவில்லை. கிளைபோசேட்டைப் பாருங்கள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015-இல் கூறியது. அமெரிக்க, ஐரோப்பிய அரசு ஆய்வாளர்கள் அப்படி நேர்வது அரிது என்றார்கள்.  இதில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புற்றில் பாம்பு உண்டா என்பது ஒரு கேள்வி. அவ்வழியே நடப்பவனை அது கடிக்குமா என்பது வேறு கேள்வி. தொழிலாளிக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்துப் பயமுறுத்துவதும் தவறு. மற்றொன்றை மறைத்துத் தைரியம் சொல்வதும் தவறு. நாள்தோறும் அந்தப் புற்றருகே நடப்பவர் அவர்தாம்.

கிராணிமார்களே! நஞ்சை அளந்து கொடுக்குமுன் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள். இது என்ன? உடம்பில் எப்படி ஏறும்? மேலே பட்டால் உடனே என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் போனால் லேபிளையும் கொண்டுபோக வேண்டும். நம்மோடு உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கு அவரவர் மொழியில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். சொன்னபின் கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

எத்தனை லிட்டர் போயிற்று என்று புத்தகத்தில் எழுதுகிறோம். யாருக்கு என்ன சொன்னோம் என்பதையும் இனி எழுதுவோம். கையுறையும் முகக்கவசமும் கேட்கும் சங்கம், இந்த விளக்கத்தையும் உரிமையாகக் கேட்க வேண்டும்.

நாளைக் காலைப் பெரட்டிலிருந்தே தொடங்குவோம். நஞ்சை நஞ்சென்றே சொல்வோம்.