கிண்டி உங்களுக்குச் சரிப்படுமா? சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

இந்த எபிசோட் ப்ளஸ் டூ முடிச்சிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறவங்களுக்கு. வீட்டுல இருக்கிறவங்களையும் பக்கத்துல உட்கார வச்சுக் கேளுங்க. பாதிச் சண்டை அங்கதானே நடக்குது.

தேனி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அரசுப் பள்ளி, நல்ல கட் ஆஃப். போன வருஷப் பட்டியலைப் பார்த்து அவங்க போட்ட கணக்குல, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் கிடைக்கலாம்; கோயம்புத்தூர் ஜி.சி.டி.யில கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலாம். மாமா ‘கிண்டியை விட்டுடாதே’ங்கிறார். அம்மாவுக்குச் சென்னைன்னாலே பயம். "அண்ணா, அந்த இடம் எனக்கு ஒத்து வருமான்னு போறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?" இதுதான் கேள்வி.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ‘அண்ணா யூனிவர்சிட்டி கிடைச்சிருக்கு’ன்னு ஒருத்தர் சொன்னா, எந்த கேட்டுன்னு கேளுங்க. பல்கலைக்கழகத்தோட சொந்தத் துறைகள் இருக்கிற வளாகம் நாலுதான். கிண்டியில சி.இ.ஜி., ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி மூணும் பக்கத்துப் பக்கத்துல. எம்.ஐ.டி. குரோம்பேட்டையில. கிண்டி ஸ்டேஷனுக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவுல அஞ்சு ஸ்டேஷன் இருக்கு. இதைத் தவிர உறுப்புக் கல்லூரிகள், மண்டல வளாகங்கள், அப்புறம் நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள். பட்டத்துல பேர் ஒண்ணுதான். ஆனா படிக்கிற பாடத்திட்டம், தேர்வு முறை, கேம்பஸுக்கு வர்ற கம்பெனி எல்லாம் வேற வேற. நான் படிச்சது வேற மாவட்டத்துல ஒரு இணைப்புக் கல்லூரி. ஊர்ல இன்னமும் என்னை ‘அண்ணா யூனிவர்சிட்டி பையன்’னுதான் சொல்றாங்க, நானும் திருத்துறதில்ல.

இப்ப மாமா சொல்ற விஷயத்துக்கு வருவோம். கிண்டிக்குப் பேர் சும்மா வரல. 1794-ல ஒரு சர்வே பள்ளியா ஆரம்பிச்ச இடம், 1920-ல கிண்டிக்கு வந்தது, 1978-ல அண்ணா பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. சர்வே பள்ளியா பிறந்த காலேஜ்ல இன்னிக்கு ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்னு ஒரு பிராஞ்ச் இருக்கு. கவுன்சிலிங்ல பலர் அதை ‘ஏதோ மிச்சம் மீதி’ மாதிரி பார்க்கிறாங்க. ஏ.சி. டெக்ல லெதர் டெக்னாலஜி இருக்கு. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதே சர்தார் படேல் சாலையில, அடையாறு பக்கம். அந்தப் படிப்பே அவங்களோட சேர்ந்து நடக்கிறதுதான். இந்த மாதிரி பிராஞ்சை நிஜமாவே விரும்பி எடுக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டுல கிடைக்கிறது கஷ்டம். ஆனா காலேஜ் பேருக்காக மட்டும் எடுத்துட்டு, மூணாவது செமஸ்டர்ல இருந்து ‘நான் எப்ப ஐ.டி.க்குத் தாவுவேன்’னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கிறது வேற கதை.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. ரெண்டு பிராஞ்சோட சிலபஸையும் நெட்ல இருந்து இறக்குங்க. முதல் வருஷத்தை விடுங்க, அது எல்லாருக்கும் கணக்கு, இயற்பியல், வேதியியல்தான். மூணாவது, அஞ்சாவது செமஸ்டர் பாடத் தலைப்புகளைப் படிங்க. புரியணும்னு அவசியமில்ல. எதைப் படிக்கும்போது ‘இது என்னவா இருக்கும்’னு கூகுள் பண்ணத் தோணுதுன்னு மட்டும் பாருங்க. அந்தத் தங்கச்சி வாய்ஸ் நோட்லயே ஒண்ணு சொன்னாங்க: "கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல பெரிய ஆசைன்னு இல்ல, எல்லாரும் எடுக்கிறாங்க." அப்போ இந்த ஒரு மணி நேர வேலை அவங்களுக்குத்தான் ரொம்பத் தேவை.

பிளேஸ்மென்ட் பத்தி நிறைய பேர் கேப்பீங்க. ‘அதிகபட்ச சம்பளம் இவ்வளவு லட்சம்’ங்கிற போஸ்டரை மறந்துடுங்க, அது ஒரே ஒரு ஆளோட சம்பளம். கேட்க வேண்டியது: உங்க பிராஞ்ச்ல எத்தனை பேர் எழுதினாங்க, எத்தனை பேருக்குக் கிடைச்சது, நடுவுல இருக்கிற ஆளுக்கு எவ்வளவு. இன்னொண்ணு, கேம்பஸுக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வருதுன்னா எல்லா பிராஞ்சையும் உட்கார விடுதா, இல்ல சில பிராஞ்சை மட்டுமா? பெரிய கம்பெனி காலேஜுக்கு வர்றதும் உங்களுக்கு வர்றதும் ஒண்ணு இல்ல. இதை அலுவலகத்துல கேக்கிறதைவிட அந்த பிராஞ்ச் ஃபைனல் இயர் சீனியர்கிட்ட கேளுங்க, ரெண்டே நிமிஷத்துல உண்மை வந்துடும்.

இப்ப நான் நிறைய பேச நினைக்கிற விஷயம், இடத்தோட அளவு. பெரிய பல்கலைக்கழகத்துல உங்களை யாரும் தேட மாட்டாங்க. சின்னக் காலேஜ்ல ரெண்டு நாள் வரலன்னா எச்.ஓ.டி. வீட்டுக்கு போன் போடுவார். அது தொல்லைதான், ஆனா சில பேருக்கு அதுதான் பிடிமானம். பெரிய இடத்துல லேப் இருக்கு, கிளப் இருக்கு, டெக்கோஃபெஸ், குருக்ஷேத்ரா மாதிரி விழாக்களை மாணவர்களே நடத்துறாங்க, ஆராய்ச்சி பண்ற பேராசிரியர் பக்கத்து பிளாக்ல இருக்கார். எதுவும் உங்க பெஞ்சுக்கு வராது. நீங்கதான் கதவைத் தட்டணும். என் ரூம்மேட் ஒருத்தர் கிண்டியில படிச்சவர். அவர் சொல்வார், முதல் வருஷம் முழுக்க ஹாஸ்டல், கிளாஸ், மெஸ் தவிர எதையும் பார்க்கலயாம். ரெண்டாவது வருஷம் ஒரு சீனியர் இழுத்துட்டுப் போய் ஒரு கிளப்ல சேர்த்த பிறகுதான் ‘நான் இங்க படிக்கிறேன்’ங்கிற நினைப்பே வந்துச்சாம்.

உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்றேன். பள்ளிக்கூடத்துல டி.சி.யில ஒரு எழுத்துப் பிழைன்னா யார் போய்ப் பேசுனாங்க? நீங்களா, அப்பாவா? தெரியாத ஒரு ஆபீஸ்ல மூணு கவுன்ட்டர் ஏறி இறங்கி ஒரு கையெழுத்து வாங்க உங்களால முடியுமா? இப்ப முடியலன்னாலும் பரவாயில்ல, கத்துக்கணும்னு தோணுதா? தோணுதுன்னா பெரிய இடம் உங்களுக்கு நல்லது. நினைச்சாலே வயிறு கலங்குதுன்னா, அளவான ஒரு நல்ல காலேஜைத் தேர்ந்தெடுக்கிறது கோழைத்தனம் இல்ல. ஜி.சி.டி. ஒண்ணும் ரெண்டாந்தரம் இல்லையே! 1945-ல ஆரம்பிச்ச அரசுக் கல்லூரி.

அம்மாவோட பயத்துக்கும் பதில் வேணும். ‘சென்னை’ங்கிறது நாளைக்கு நாலு இடம்தான்: எங்க தூங்குவ, எங்க சாப்பிடுவ, எப்படிப் போவ, உடம்பு சரியில்லன்னா யார் வருவா. ஹாஸ்டல் கிடைக்குமான்னு அட்மிஷன் அன்னிக்குக் கேக்காதீங்க, முன்னாடியே கேளுங்க. ‘ஆவடியில சித்தி வீடு இருக்கு’ன்னு கிளம்பாதீங்க. ஆவடியில இருந்து சென்ட்ரல் பக்கம் வந்து, பார்க் ஸ்டேஷன்ல மாறி, கிண்டியில இறங்கணும். தினமும் ரெண்டு வேளை, நாலு வருஷம். சித்தி நல்லவங்கதான், ரயில் கூட்டம் அப்படி இல்ல. கேம்பஸ்ல இருந்தீங்கன்னா கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கம்தான். ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சத்தத்துல படிக்க முடியாதவங்களுக்கு அது ஒரு வரம்.

பணம். அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுல சேர்றவங்களுக்குக் கல்விக் கட்டணம் மட்டுமில்ல, விடுதிக் கட்டணமும் அரசே ஏத்துக்குது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் தனி. இந்தத் தங்கச்சி பார்த்தது பொதுப் பட்டியல் கட் ஆஃப் மட்டும்னு நினைக்கிறேன். 7.5-க்குத் தனி தரவரிசை, அதுல கிண்டியிலேயே வேற பிராஞ்ச் கூட திறக்கலாம். அதையும் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் மாமாகிட்ட பேசுங்க.

முடிஞ்சா ஒரு தடவை நேர்ல போயிடுங்க. ஞாயித்துக்கிழமை போய் சிவப்புக் கட்டடம் முன்னாடி போட்டோ எடுத்துட்டு வர்றது இல்ல. காலேஜ் நடக்கிற ஒரு வேலை நாள்ல, காலையில எட்டரை மணி ரயில்ல போங்க. கேன்டீன்ல உட்காருங்க. செகண்ட் இயர் பிள்ளைங்ககிட்ட பேசுங்க. அவங்களுக்குத்தான் முதல் வருஷக் கஷ்டம் இன்னும் ஞாபகம் இருக்கும். அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. அதே மாதிரி கோயம்புத்தூருக்கும் ஒரு நாள்.

திரும்பி வந்து சாய்ஸ் லிஸ்ட் போடும்போது, கிடைக்குமா கிடைக்காதான்னு கணக்கு பார்த்து வரிசை போடாதீங்க. உங்களுக்கு எது வேணுமோ அந்த வரிசையிலேயே போடுங்க, சிஸ்டம் மேல இருந்துதான் பார்த்துட்டு வரும். அலாட்மென்ட் வந்த பிறகு ஏத்துக்கிட்டு, மேல இருக்கிற சாய்ஸுக்கும் காத்திருக்கிற வசதி இருக்கு. அந்தப் பட்டன்களைப் பத்தி மட்டும் அடுத்த எபிசோட்ல விரிவா பேசுறேன். சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருந்தா ரொம்ப சந்தோஷம்.