நல்ல நடிகர், மோசமான படம்: யாரைக் குறை சொல்வது?

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சி ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘திறமையான நடிகர்கள் ஏன் மோசமான படங்களில் நடிக்கிறார்கள்?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய ஐயா, “காசுதான், வேறென்ன?” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். காசு என்பது பொய்யில்லை. ஆனால் எந்தக் காசு, எதற்கான காசு என்று கேட்காமல் விட்டால் பாதிக் கதைதான் நமக்குத் தெரியும். மீதிக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நடந்து பழகியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். விசிடி, டிவிடி கடைகள் நிறைந்திருந்த காலத்தில், ஒரு நடிகரின் படங்களையெல்லாம் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். ‘முதல் மரியாதை’க்குப் பக்கத்திலேயே, பெயரைப் பார்த்தாலும் கதை நினைவுக்கு வராத இன்னொரு சிவாஜி படம் இருக்கும். மூன்று படம் ஒரே வட்டில் என்றால் ஒன்று நல்ல படம், மற்ற இரண்டும் ஒப்புக்கு. நாமும் பேரம் பேசி வாங்கிப் போனோம்.

அந்த அடுக்கிலிருந்து ஓர் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 1985. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’ வெளிவந்தது. நரைத்த தலையோடு, குரலை உயர்த்தாமல், ஒரு தோள் அசைவில், ஒரு சிரிப்பில் அந்தக் கிராமத்துப் பெரியவராகவே சிவாஜி வாழ்ந்தார். அதே ஆண்டில்தான் ‘பந்தம்’, ‘நாம் இருவர்’, ‘நேர்மை’, ‘படிக்காத பண்ணையார்’, ‘ராஜரிஷி’ ஆகிய படங்களும் வந்தன. நவம்பரில் ரஜினிக்கு அண்ணனாக ‘படிக்காதவன்’. அது நன்றாக ஓடியது, மறுக்கவில்லை. மற்றவற்றில் எத்தனை படத்தின் கதையை இந்த அவையில் ஒருவர் எழுந்து சொல்ல முடியும்? அதே மனிதர், அதே முகம், அதே ஆண்டு. 1964-இல் ‘நவராத்திரி’யில் ஒன்பது வேடம் கட்டியவருக்கு 1985-இல் திறமை ஆகஸ்டில் வந்து அடுத்த மாதம் போய்விடவில்லை. கதையும் இயக்குநரும் மாறினார்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் நாம் மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் படத்தை முடிந்த பிறகு பார்க்கிறோம். நடிகர் அதைத் தொடங்குவதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறார். அவர் கையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் முழுத் திரைக்கதைகூட இருக்காது. ஓர் அறையில் உட்கார்ந்து உதவி இயக்குநரோ இயக்குநரோ இரண்டு மணி நேரம் கதை சொல்வார். சொல்கிறவரே அழுவார், சண்டை போடுவார், பின்னணி இசையும் வாயாலேயே போடுவார். அப்படிக் கேட்கும்போது எல்லாப் படமும் வெள்ளி விழாப் படம்தான்! அட்வான்ஸ் கைமாறும், கால்ஷீட் எழுதிக் கொடுத்தாகிவிடும். அதன் பிறகு தயாரிப்பாளருக்குப் பணம் தட்டும், நாயகனுக்கு இன்னொரு பாட்டு வேண்டும் என்பார்கள், விநியோகஸ்தர் ஒரு சண்டை கேட்பார். நம் நடிகரின் நல்ல காட்சி ஒன்று படத்தொகுப்பில் காணாமல் போகும். படம் வெளிவரும் வெள்ளிக்கிழமையன்று அவர் வேறோர் ஊரில் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருப்பார். திட்டு மட்டும் தவறாமல் வீடு தேடி வரும்.

மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது, ‘படம் என்பது இயக்குநரின் ஊடகம்’ என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் முழு அர்த்தம் கலைஞர்களைப் பேட்டி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. ஒளிப்பதிவு முடிந்து மைக்கைக் கழற்றிய பிறகு, அவர்கள் பேசுவது பெரும்பாலும் நடிக்காமல் விட்ட படங்களைப் பற்றியல்ல. நடித்தும் திரைக்கு வராமல் போன காட்சிகளைப் பற்றித்தான்.

சரி, ஐயா சொன்ன காசுக்கு வருகிறேன். ஆங்கில நடிகர் மைக்கேல் கேயினுக்கு 1987-இல் ‘ஹன்னா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ்’ படத்துக்காக ஆஸ்கார் விருது கிடைத்தது. அதை வாங்க அவரால் மேடைக்குப் போக முடியவில்லை. காரணம், அப்போது அவர் சுறா மீன் படமான ‘ஜாஸ்’ வரிசையின் நான்காம் பாகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அது எவ்வளவு மோசமான படம் என்பதற்கு நான் சாட்சி சொல்லத் தேவையில்லை. அதைத் தாம் பார்த்ததே இல்லை என்றும், ஆனால் அதில் வந்த பணத்தில் கட்டிய வீட்டைப் பார்த்திருப்பதாகவும் அது பிரமாதமாக இருப்பதாகவும் பின்னாளில் அவரே வேடிக்கையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நம் ஊர்க் கலைஞர் ஒருவர் இப்படிச் சொன்னால் நாம் சிரிப்போமா? ‘கலையைக் காசாக்கிவிட்டான்’ என்று ஒரு வாரம் திட்டித் தீர்க்க மாட்டோமா?

நம்மவர்கள் பலர் அந்தக் காசில் வீடு மட்டும் கட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. பிரகாஷ்ராஜை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கிலும் தமிழிலும் கண்ணை உருட்டிக் கத்தும் வில்லனாக அவர் எத்தனை படங்களில் வந்தார்! அதே ஆண்டுகளில்தான் தம்முடைய டூயட் மூவீஸ் நிறுவனத்தின் மூலம் ‘அழகிய தீயே’, ‘கண்ட நாள் முதல்’, ‘மொழி’, ‘அபியும் நானும்’ என்று படங்கள் தயாரித்தார். வாய் பேச முடியாத, காது கேளாத ஒரு பெண்ணை நாயகியாக வைத்து, அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்படாதபடி ‘மொழி’ 2007-இல் வந்தது. அங்கே வில்லன் கத்தாமல் இருந்திருந்தால் இங்கே அர்ச்சனா கைகளால் பேசியிருக்க மாட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாசர் அவர்களையும் சொல்ல வேண்டும். 1985-இல் பாலசந்தரின் ‘கல்யாண அகதிகள்’ மூலம் வந்தவர். ‘நாயகன்’, ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’ ஆகியவை போதும், அவர் யார் என்று சொல்ல. கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கையை வைத்து 1995-இல் ‘அவதாரம்’ படத்தை அவரே இயக்கினார். பிறகு ‘தேவதை’, ‘மாயன்’, ‘பாப்கார்ன்’. இவை எதுவும் அவரைப் பணக்காரராக்கிய படங்கள் அல்ல. இந்த நான்குக்கும் நடுவே காவல்துறை அதிகாரியாகவும் நாயகியின் அப்பாவாகவும் அவர் வந்து போன படங்களை எண்ணி மாளாது. ‘இந்த மனிதர் ஏன் இதிலெல்லாம்?’ என்று கேட்பவர்கள் ‘அவதாரம்’ வந்தபோது எங்கே போயிருந்தார்கள்?

நடிகையர் திலகம் சாவித்திரியின் கதை உங்களுக்குத் தெரியும். 1971-இல் அவரே இயக்கிய ‘பிராப்தம்’ கையைக் கடித்தது. பின்னாளில் அவர் ஏற்ற சின்னச் சின்ன வேடங்களைப் பார்த்துவிட்டு ‘ஏன்’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது, முகதாட்சண்யம். முதல் வாய்ப்புக் கொடுத்த தயாரிப்பாளர் பத்தாண்டு கழித்து நொடித்துப்போய் வாசலில் நிற்பார். ‘கதை சரியில்லை அண்ணே’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நம் வீட்டுக் கல்யாணங்களில்கூட, வரமாட்டேன் என்று சொல்ல முடியாமல் எத்தனை பேர் மொய் எழுதிவிட்டு வருகிறோம்! இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு காரணத்தை விளக்கியே ஆக வேண்டும். நடிப்பு என்பது கண்ணில் படும் தொழில். கண்ணில் படாதவரை இந்தத் தொழில் வெகுவேகமாக மறந்துவிடும். நாகேஷ் 1964-இல் ‘சர்வர் சுந்தரம்’, 1965-இல் ‘திருவிளையாடல்’ தருமி என்று உச்சத்தில் இருந்தவர். பிறகு காலம் மாறியது, புதிய நகைச்சுவை நடிகர்கள் வந்தார்கள். நடுவில் அவர் நடித்த படங்களில் பலவற்றை அவருடைய ரசிகர்களே தேடிப் பார்க்க மாட்டார்கள். அவர் வீட்டில் உட்காரவில்லை. 1989-இல் சிங்கீதம் சீனிவாசராவ் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் அவரைக் கொடிய வில்லனாக்கினார். 1994-இல் அதே இயக்குநரின் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக வந்தார். வசனம் இல்லை, கண் சிமிட்டக் கூடாது. அரங்கமே வயிறு வலிக்கச் சிரித்தது. அதே ஆண்டு வந்த ‘நம்மவர்’ படத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. இடையில் ‘நல்ல கதை வந்தால்தான் நடிப்பேன்’ என்று கதவைச் சாத்தியிருந்தால் அந்தப் பிணத்தை நாம் பார்த்திருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே மோசமான படத்தில் நடிப்பதை நான் குற்றமாகப் பார்ப்பதில்லை. மோசமான படத்தில் தூங்கிக்கொண்டே நடிப்பதைத்தான் குற்றம் என்பேன். ஆச்சி மனோரமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தவர். நல்ல படத்தில் மட்டும்தான் நடிப்பேன் என்று இருந்தால் யாராலும் ஆயிரத்தைத் தொட முடியாது. தமிழில் அத்தனை நல்ல படம் எங்கே இருக்கிறது? ஆனால் எவ்வளவு தேறாத படமாக இருந்தாலும், ஆச்சி வரும் காட்சியில் மட்டும் அந்த வீடு நிஜ வீடாக இருக்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில்ஜில் ரமாமணிக்குக் கொடுத்த அதே உழைப்பு அதில் தெரியும்.

இன்னொரு கோடும் போட்டுவிடுகிறேன். கதை வலுவில்லாத படம் வேறு. ஒருவரின் நிறத்தையும் உடலையும் கேலி செய்தே சிரிப்பு வாங்கும் படம், பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று சொல்லும் படம் வேறு. அந்த வசனங்கள் நடிகர் பேசும்போதே அவர் காதில் விழுகின்றன. அங்கே ‘முழுக் கதையும் தெரியாது’ என்ற சமாதானம் செல்லாது. பெயர் பெற்ற நடிகர் ஒருவர் ‘இந்த வரி வேண்டாம்’ என்றால் படப்பிடிப்பு நின்றுவிடாது. இதில் நான் ஐயாவின் கட்சி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2018 ஜனவரி 6-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் தென்னிந்திய நடிகர் சங்கக் கட்டடத்துக்காக நட்சத்திர விழா நடந்தது. அப்போது நாசர்தான் சங்கத் தலைவர். ரஜினி வந்தார், கமல் வந்தார், நாமும் டிக்கெட் வாங்கிப் போனோம். நல்ல காரியம். ஆனால் உள்ளூர் நடிகருக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். சென்னை நடிகருக்கு, ‘எந்தப் படத்தை விடுவது’ என்பது கேள்வி. நம் ஊர் நடிகருக்கு, ‘படமே எங்கே’ என்பது கேள்வி.

உள்ளூர்த் தமிழ்ப் படங்களில் முதலாவது என்று 1969-இல் வந்த ‘ரத்தப் பேய்’ படத்தைச் சொல்வார்கள். தொடக்கமே பேய்! 2005-இல் தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ நம் தோட்டத்து வாழ்க்கையை வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்குக் கொண்டு போனது. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. ‘ஜாஹாட்’ என்றால் மலாயில் கெட்டது. கெட்டது என்று பெயர் வைத்த அந்த நல்ல படம், 2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை வாங்கியது. இரண்டுக்கும் நடுவே வேறு நல்ல முயற்சிகளும் வந்தன. ஆனாலும் அந்தப் பத்தாண்டு இடைவெளியை ஒரு நடிகனின் வயதில் வைத்துப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் ஒரு நல்ல வேடம், அடுத்தது முப்பத்தைந்தில் என்றால், நடுவில் அவன் எதில் நடித்துப் பழகுவான்?

தொலைக்காட்சி நாடகத்தில் நடிப்பான். பாதி எழுதி முடிக்காத பேய்ப் படத்தில் நடிப்பான். சென்னைப் படக் குழு இங்கே வந்தால் நாயகனிடம் அடி வாங்கும் ஐந்தாவது அடியாளாக நிற்பான். சனி, ஞாயிறு கல்யாண மண்டபத்தில் அறிவிப்பாளர் வேலை, வார நாளில் அலுவலக வேலை. மொத்த இந்தியர்களே இருபது லட்சம் பேர் உள்ள நாடு இது. அதில் படம் பார்க்கப் போகிறவர்களுக்கும், உள்ளூர்ப் படத்துக்கும் சென்னைப் படத்துக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். கொலிசியம் திரையரங்கில் பல்லாண்டு காலமாக வரிசையில் நின்ற சமுதாயம் நாம். எந்தப் படத்துக்கு நின்றோம் என்று நம்மையே கேட்டுப் பார்க்கலாம்.

எனக்குத் தெரிந்த உள்ளூர்க் கலைஞர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஒரு நாடகத்தில் மகனை இழந்த தகப்பனாக வந்து, ஒரு சொல் பேசாமல் எங்கள் ஒளிப்பதிவாளரையே அழ வைத்தவர். போன வாரம் தொலைபேசியில் பேசினார். புதுப் படம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். கிள்ளானில் மூன்று நாள் படப்பிடிப்பு, இரவு வேலை, ஒரு நாளைக்கு இருநூறு வெள்ளி. “என்ன வேடம் அண்ணா?” என்று கேட்டேன். “பேய்தான் தங்கச்சி. ஆனா இந்தப் பேய்க்கு ஒரு மகள் இருக்கா. அவளை ஜன்னல் வழியா ஒரு தடவை பார்க்கிற மாதிரி ஒரு காட்சி. இயக்குநர்கிட்ட அதை வெட்டிடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்” என்றார்.

அந்தக் காட்சிக்காக அந்தப் படத்துக்கு நான் டிக்கெட் வாங்கப் போகிறேன்.