வைடூரியம் வாங்குவோர்க்கு

வைரம், வைடூரியம் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர் நாம். ஆயினும் வைரத்தைக் கண்டவுடன் அறிவோர் பலர் இருக்க, வைடூரியம் இன்னதென்று அறிந்தோர் மிகச் சிலரே. சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இது பெருங்குறையன்று. குடும்பத்தோடு இரண்டு தலைமுறை பழகிய பத்தர் ஒருவர் அருகில் இருப்பார். வேற்று மாநிலத்தில் குடியேறிய நமக்கு அத்துணை கிடைப்பதில்லை. மகளின் திருமணத்திற்கு நவரத்தின மோதிரம் செய்ய எண்ணி, ஜெய்ப்பூர் ஜோஹரி பஜாரிலோ மும்பை ஜவேரி பஜாரிலோ ஏதேனும் ஒரு கடையேறி வைடூரியம் கேட்டால், கடைக்காரர் லஹ்சுனியா என்று சொல்லி ஒரு தட்டு நிறையக் கற்களை முன்னே வைப்பார். எல்லாவற்றிலும் வெண்கோடு ஒன்று ஓடும். ஒன்றின் விலை நூறு ரூபாய். அடுத்ததன் விலை பல்லாயிரம். ஏன் இந்த வேறுபாடு?

நேயர்களே, பூனைக்கண் என்பது கல்லின் பெயரன்று; ஒளி காட்டும் ஒரு கோலத்தின் பெயர். பட்டு நூற்கண்டு ஒன்றை விளக்கருகே பிடித்துப் பாருங்கள். நூல் சுற்றியிருக்கும் திசைக்குக் குறுக்கே ஒளிக்கோடு ஒன்று தோன்றும். கண்டைத் திருப்பினால் கோடும் நகரும். கல்லினுள்ளும் நிகழ்வது இதுவே. மயிரினும் மெல்லிய ஊசிகளோ நுண்குழாய்களோ ஒரே திசையில் நெருங்கி அமைந்திருக்க, கல்லின் முதுகைப் பட்டை தீட்டாமல் குவிந்த வழவழப்பாகத் தேய்த்துவிட்டால், அவற்றிற்குக் குறுக்கே ஒளிக்கோடு எழும். இத்தகைய அமைப்பு பல கற்களில் உண்டு. படிகத்தில் உண்டு, அபடைட்டில் உண்டு, நம் நாட்டிலேயே கிடைக்கும் சில்லிமனைட்டில் உண்டு. கண்ணாடி இழைகளை ஒன்றாக உருக்கிச் சேர்த்து மனிதர் செய்யும் போலியிலும் உண்டு.

இவற்றுள் வைடூரியம் என்று பெருவிலை பெறுவது கிரைசோபெரில் என்னும் கனிமம் ஒன்றே. பெரிலியமும் அலுமினியமும் பிராணவாயுவும் கூடியது அது. அதற்கு மஞ்சள் நிறம் தருவது அதில் சிறிதளவு கலந்த இரும்பு. பெயரின் முற்பகுதி பொன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பிற்பகுதியாகிய பெரில், பிராகிருத வேருலியம் என்ற சொல்லின் வழியாகக் கிரேக்கம் சென்றது என்பர் மொழிநூலார். வைடூரியம் என்பதும் அதே சொல்லின் உறவுதான். எனினும் கொங்கு நாட்டுப் படியூரில் எடுக்கப்பட்ட பெரில் வேறு, இந்தக் கிரைசோபெரில் வேறு. பழைய நூல்களில் வைடூரியம் என்று வருமிடமெல்லாம் இக்கல்லையே கொள்ளலாகாது. சொல் நம் நாட்டிலிருந்து கடல் கடந்து சென்று வேறொரு கல்லின் பெயராய்த் திரும்பி வந்திருப்பது ஒரு வேடிக்கை. இலங்கையின் இரத்தினபுரிச் சரளை மண்ணில் இக்கல் புகழ்பெற்றது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், ஒடிசாவிலும், ஆந்திரத்திலும் கிடைக்கிறது.

கடினத்தில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, இக்கல் 8½, படிகம் 7. நாம் மிதிக்கும் தூசியிலே படிகத் துகள் கலந்திருப்பதால், 7-க்குக் கீழ்ப்பட்ட கல் நாளடைவில் கீறல் விழுந்து மங்கிவிடும். நாள்தோறும் அணியும் மோதிரத்திற்குக் கிரைசோபெரில் ஏற்றதாவதற்கு இதுவே காரணம்.

அடையாளம் காண எளிய வழி நீரில் நிறுத்தலாகும். உதிரிக் கல்லை முதலில் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய கம்பியில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். 5 காரட் கிரைசோபெரில் நீரில் ஏறத்தாழ 3.66 காரட் நிற்கும். அதே எடையுள்ள படிகம் 3.11 காரட்டே நிற்கும்; சில்லிமனைட் 3.46 அளவில் நிற்கும். நுண்தராசு உள்ள கடையில் இச்சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். கண்ணாடி இழைப் போலிக்கு இதுகூட வேண்டுவதில்லை. பூதக்கண்ணாடி கொண்டு அதன் பக்கவாட்டில் நோக்கினால் தேன்கூட்டின் அறைகள் போன்ற கட்டங்கள் தெரியும். போலியின் கோடு அளவுக்கு மிஞ்சிக் கூர்மையாக இருப்பதும் ஐயத்திற்கு இடமளிக்க வேண்டும்.

கல் மெய்யானதே என்று தெளிந்த பின்னர் அதன் தரத்தைப் பார்க்கலாம். குழல்விளக்குகள் நிறைந்த கடையில் கண் சரிவரத் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழோ வெயிலிலோ பாருங்கள். கோடு மெலிதாய், உடையாமல், விளிம்பு முதல் விளிம்பு வரை, நடுவில் ஓட வேண்டும். கல்லைச் சாய்த்தால் துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். பக்கத்திலிருந்து ஒளி விழும்போது ஒரு பாதி தேன்போலவும் மறுபாதி பால்போலவும் தோன்றுவது நல்ல கல்லின் இலக்கணம். தேன்மஞ்சளை வணிகர் மிகவும் போற்றுகின்றனர். பசுமை கலந்த மஞ்சளும் மதிப்புடையதே. நிறம் சற்று வெளுத்திருந்தாலும் கண் கூர்மையான கல்லையே யான் தேர்வேன். ஆழ்ந்த நிறமும் கலங்கிய கண்ணும் உடைய கல் வேண்டேன்.

அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். விலை எடைக்குத்தானே? ஆதலால் அடியைத் தடிப்பாகவே விட்டுவிடும் வழக்கம் உண்டு. அந்தத் தடிப்பு மோதிரத்தினுள் மறைந்துபோகும், பணமோ மறையாது. ரத்திக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுவதால், 200 மில்லிகிராம் கொண்ட காரட்டிலேயே விலை பேசுங்கள். கருமை படர்ந்த பழுப்பு நிறக் கல்லிடத்தில் சிறிது எச்சரிக்கை வேண்டும்: 1997-இல் பாங்காக் சந்தையில், நிறத்தை மாற்றுவதற்காகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பெற்றுக் கதிரியக்கம் நீங்காத பழுப்புக் கிரைசோபெரில்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

கேதுவுக்குரிய கல்லென்று நம்பி அணிவோர் நம்மிடையே பலர். அந்நம்பிக்கையை யான் ஆராய வரவில்லை. நம்பி அணிபவருக்குத்தான் கல் மெய்யாக இருக்க வேண்டிய தேவை மிகுதி. பூனைக்கண் என்று மட்டும் எழுதிய ரசீது அவர்க்கு எதையும் உறுதி செய்யாது. இயற்கையான கிரைசோபெரில் என்ற சொற்களும் காரட் எடையும் ரசீதில் இருக்க வேண்டும். எழுதித்தரத் தயங்கும் கடையில் வாங்காமல் வருவதே நன்று. விலை பெரிதாயின் சோதனைக்கூடச் சான்று கேளுங்கள். ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் அதற்கான கூடங்கள் உள்ளன.

மோதிரத்தில் பதித்த பிறகு நீரில் நிறுக்கவும் இயலாது, அடியைக் காணவும் இயலாது. ஆகையால் உதிரியாகவே வாங்கிப் பின்னர்ப் பத்தரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கோடு எத்திசையில் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். விரலின் நீளவாக்கில் ஓடினால் கையை அசைக்கும்தோறும் கண் விழித்து நகரும். பதித்த கல்லைத் திருப்ப வேண்டுமானால் கட்டை முழுதும் பிரித்தாக வேண்டும்.