மணலையும் எரிக்கும் திரவம்



திருவிழாக் காலத்தில் நல்லூர்க் கோயில் வீதியில் பரப்பியிருக்கும் மணலில்தான் அடியார்கள் உருண்டு பிரதட்டணம் செய்கிறார்கள். பெற்றோல் நிலையங்களின் சிவப்பு வாளிகளில் நிரப்பி வைத்திருப்பதும் மணல்தான். தீப்பற்றினால் அள்ளிக் கொட்டுவோம், தீ அடங்கிவிடும். அந்த மணலையே எரித்துவிடும் ஒரு சேர்வையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

குளோரீன் முப்புளோரைட்டு என்று பெயர். ஒரு குளோரீன் அணுவும் மூன்று புளோரீன் அணுக்களும் சேர்ந்தது. 1930ஆம் ஆண்டு ஜேர்மனியில் ரூஃப், க்ரூக் என்ற இரு வேதியியலாளர்கள் இதை முதன்முதலில் தயாரித்தார்கள். ஏறத்தாழ 12 பாகை செல்சியசில் கொதித்துவிடும். ஆகவே எங்கள் யாழ்ப்பாண வெக்கையில் அது வாயுவாகத்தான் இருக்கும். சிலிண்டரில் அழுத்தி அடைத்தால் மட்டுமே திரவம். மரம், துணி, எண்ணெய் எதில் பட்டாலும் தீப்பொறி இல்லாமலே பற்றும். தண்ணீரில் பட்டால் வெடிக்கும்.

மணல் எப்படி எரியும்? மணல் என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள். ஒருவகையில் அது ஏற்கனவே எரிந்து முடிந்தது. அதனால்தான் சாதாரண நெருப்பால் அதை ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஆனால் புளோரீன், ஒட்சிசனைவிடப் பலமாகச் சிலிக்கனைப் பற்றிக்கொள்ளும். ஒட்சிசனைத் தள்ளிவிட்டுத் தான் அந்த இடத்துக்கு வந்துவிடும். கண்ணாடிக்கும் கல்நாருக்கும் கொங்கிறீற்றுக்கும் இதே கதிதான்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு தொன் திரவம் கொட்டிவிட்டது. நிரப்புவது இலகுவாகட்டும் என்று உருக்குச் சிலிண்டரை உலர்பனியால் குளிரூட்டியிருந்தார்கள். அந்தக் குளிரிலேயே உருக்கு நொறுங்கும் தன்மை அடைந்து, நகர்த்தும்போது பிளந்துவிட்டது. 30 சென்ரிமீற்றர் கொங்கிறீற்றையும், அதன் கீழே 90 சென்ரிமீற்றர் சரளைக்கல்லையும் அது அரித்துக்கொண்டு இறங்கியது.

அப்படியானால் இதை எதில் வைப்பது? உருக்கு, செம்பு, நிக்கல் பாத்திரங்களில்தான். திரவம் தொட்டதும் உலோகத்தின் மேல் மெல்லிய புளோரைட்டுப் படலம் ஒன்று உண்டாகி, மிச்ச உலோகத்தைக் காத்துவிடும். இந்தச் சேர்வையில் எனக்குப் பெரிய வியப்பைத் தருவது இதுதான்: தாக்குதலில் பிறந்ததே கவசமாகிவிடுகிறது. ஆனால் குழாயில் கொஞ்சம் எண்ணெயோ ஈரமோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் தீப்பிடிக்கும். படலம் உரிந்தாலும் ஆபத்துத்தான்.

இரண்டாம் உலகப் போரில் இதை ஆயுதமாக்க ஜேர்மனியர் முயன்றார்கள். போர்க்களத்தை அது எட்டவில்லை. பின்னர் ரொக்கெற் எரிபொருளோடு சேர்த்து இது பரீட்சிக்கப்பட்டது. இன்று கணினிச் சில்லுகள் செய்யும் இயந்திர அறைகளைத் துப்புரவாக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தச் சேர்வை எரித்தபின் ஈரக் காற்றில் எஞ்சுவது ஐதரசன் புளோரைட்டு. இதைத் தனியாகவும் தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிறார்கள். 2012 செப்டெம்பர் 27இல் தென்கொரியாவின் கூமி நகரில் இது கசிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நீரில் கரைந்தால் கண்ணாடியை அரிக்கும் அமிலம். தோலில் பட்டால் உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத் துடிப்பையே குழப்பிவிடும். எங்கள் குடாநாட்டின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லிலும் அதே கல்சியந்தான் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுநீரிலுள்ள புளோரைட்டைப் பிடிக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதும் இதனால்தான்.

இந்த அமிலம் நீர்த்ததாக இருந்தால், தோலில் பட்டாலும் உடனே வலிக்காது. சில மணித்தியாலம் கழித்துத்தான் வேதனை தொடங்கும். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பட்ட உடுப்பைக் கழற்றிவிட்டு, நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலில் ஒட்டியிருக்கும் பெயரை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். புளோரைட்டு என்று தெரிந்தால்தான் அவர் கல்சியம் குளுக்கோனேற்று மருந்தை எடுப்பார்.