குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு தோட்டா



ஆத்தூர், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கம் குச்சிக்கிழங்கு போட்டிருப்பவர்கள் விடிந்ததும் முதலில் காட்டைத்தான் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். வரப்போரம் நாலு செடி சாய்ந்து கிடந்தால் போதும், நெஞ்சு திக்கென்று ஆகிவிடும். இரவில் பன்றி வந்திருக்கிறது. ஏர் பூட்டியதுபோல மூக்காலேயே மண்ணைக் கிளறிக்கொண்டு போயிருக்கும். தின்ற கிழங்கு கொஞ்சம், கடித்து எறிந்தது அதிகம். பத்து மாதம் காத்து, சேகோ ஆலைக்கு லாரியில் ஏற வேண்டிய கிழங்கு அது.

“ஒரு துப்பாக்கி இருந்தால் முடிந்தது கதை” என்று டீக்கடையில் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். கதை அங்கே முடிவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் அடக்கம். தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். நிலத்துக்காரர் அல்ல. கேரளம் 2022-இல் வேறு வழியில் போனது. அங்கே உள்ளாட்சித் தலைவர்கள், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பன்றியைச் சுட அனுமதிக்கலாம்.

எந்த முறையானாலும் கடைசியில் யாரோ ஒருவர் விசையை இழுத்தாக வேண்டும். குழலுக்குள் என்ன தோட்டா இருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

நம் ஊரில் பேச்சு பெரும்பாலும் ஷாட்கன் வகையான 12 போர் துப்பாக்கியைச் சுற்றியே நடக்கும். அந்த 12 குழலின் அங்குல அளவு அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் என்று பொருள். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், கட்டைவிரல் பருமன். இதில் ரவை நிரப்பிய தோட்டாவும் போடலாம், ஒற்றைக் குண்டு வைத்த தோட்டாவும் போடலாம். ஒற்றைக் குண்டுக்கு ஸ்லக் என்று பெயர். வழக்கமான ஸ்லக் ஒன்று ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் எடை. நகைக்கடைக் கணக்கில் மூன்றரை பவுன்.

பன்றிக்கு ரவைத் தோட்டா போதாது என்பதற்குக் காரணம் பன்றியின் தோளில் இருக்கிறது. முற்றிய ஆண் பன்றிக்குத் தோள்பட்டையின் மேல் குருத்தெலும்புபோல் கெட்டித்த தடித்தோல் உண்டு. ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று மோதும்போது கொம்புப்பல்லைத் தாங்கும் கேடயம் அது. தூரம் கூடக்கூட ரவை சிதறும். ஒன்றிரண்டு தோலில் நிற்கும், ஒன்றிரண்டு வயிற்றில் பாயும். அடிபட்ட பன்றி கிழங்குச் செடிக்குள் படுத்துக்கொள்ளும். காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் ஆளைப் பார்த்துத்தான் அது எழுந்திருக்கும்.

அதனால் ஸ்லக். ஆனால் எந்த ஸ்லக் என்பதை முடிவு செய்வது ஆளல்ல, குழல்தான்.

சாதாரண 12 போர் குழல் உள்ளே வழுவழுவென்று இருக்கும். ரைஃபிளின் குழலிலோ திருகாணி மரைபோல வரி வெட்டியிருக்கும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வரும் குண்டு பம்பரமாகச் சுழன்று வெளியேறும், சுழல்வதால் நேராகப் போகும். இந்த இரண்டையும் ஒரே துப்பாக்கியில் கொண்டுவரப் பார்த்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பணியாற்றிய ராணுவ அதிகாரி ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பெரி. வடமேற்கு எல்லையில் 1863-இல் நடந்த அம்பேலா சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். வழுவழுப்பான குழலின் வாய்ப்பக்கம் மட்டும் சில அங்குலத்துக்கு வரி வெட்டும் யோசனைக்கு 1885-இல் காப்புரிமை பெற்றார். லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் அதைப் பேரடாக்ஸ் என்ற பெயரில் விற்றது. காலையில் காடை, மாலையில் கரடி என்று ஒரே துப்பாக்கியோடு திரிய நினைத்த காலனிக்கால வேட்டைக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

இப்போது குழல் முழுக்கவே வரி வெட்டிய ஷாட்கன்கள் உண்டு. நம் ஊர் உரிமத்தில் அவை வேறு வகை, வழுவழுப்பான குழல் வேறு வகை.

குழப்பம் பெயரில் தொடங்குகிறது. அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931-இல் உருவாக்கிய குண்டை ரைஃபில்டு ஸ்லக் என்கிறார்கள். பெயரைப் பார்த்து வரி வெட்டிய குழலுக்கானது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அது வழுவழுப்பான குழலுக்குரியது. வரி இருப்பது குண்டின் வெளிப்புறத்தில். அந்த வரியால் குண்டு பெரிதாகச் சுழல்வதும் இல்லை, வாய் குறுகிய குழலில் குண்டு நசுங்கி வெளியேற அது உதவுகிறது, அவ்வளவுதான். அதன் அடிப்பக்கம் தையல்காரர் விரலில் மாட்டும் தொப்பிபோல வெற்றாக இருக்கும். எடை முழுவதும் முன்னால் இருப்பதால் இறகுப்பந்துபோல மூக்கை முன்னால் வைத்தே பறக்கும். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898-இலேயே இதே நோக்கத்தில் ஒன்று செய்திருந்தார். அது கெட்டி ஈயம், பின்னால் ஒரு வால்கட்டை சேர்ந்தே போகும்.

வரி வெட்டிய குழலுக்கு உரியது சேபாட் ஸ்லக். குழலைவிடச் சிறிய குண்டு ஒன்று பிளாஸ்டிக் சட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். வரியைப் பிடிப்பது அந்தச் சட்டைதான். குழலை விட்டு வெளியே வந்ததும் சட்டை கழன்று விழும், குண்டு சுழன்றபடி தனியே போகும். இதையே வழுவழுப்பான குழலில் போட்டால் பிடிக்க வரி இல்லை, சுழற்சி இல்லை, குண்டு குட்டிக்கரணம் அடிக்கும். வரிக்குழலில் ஃபாஸ்டர் ஸ்லக்கைப் போட்டால் மெல்லிய ஈயம் வரிக்குள் பூசிக்கொள்ளும். சில சுற்றுகளிலேயே குறி தவறத் தொடங்கும்.

சேபாட் விலை அதிகம். 100 மீட்டருக்கும் அப்பால் குறி வைப்பவருக்கு அந்த விலை நியாயம். குச்சிக்கிழங்குக் காட்டிலோ, இரவில், டார்ச் வெளிச்சத்தில் பன்றி கண்ணில் படுவதே 30, 40 மீட்டரில்தான். அந்தத் தூரத்துக்கு வழுவழுப்பான குழலும் கனமான ஈயக் குண்டும் தாராளம். எதை வாங்கினாலும் பகலில் காகிதத்தில் மூன்று சுற்றுச் சுட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். ஒரே கம்பெனியின் இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒரேமாதிரி வீசாது.

தட்டையான சேலம், நாமக்கல் சமவெளியில் இன்னொரு கவலையும் உண்டு. பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒரு கோழிப்பண்ணை, ஒரு சேகோ ஆலை, களத்துமேட்டில் கட்டில் போட்டுத் தூங்கும் ஆள். அமெரிக்காவின் ஓஹாயோ, இல்லினாய் போன்ற சமவெளி மாநிலங்கள் மான் வேட்டைக்கு நெடுங்காலம் ரைஃபிளைத் தடுத்து ஷாட்கன்னை மட்டும் அனுமதித்ததற்கு இதுதான் காரணம். ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் போகும், ஸ்லக் சீக்கிரம் வேகம் இழக்கும். கணக்கு சரிதான், ஆனால் பாதிதான் சரி. பென்சில்வேனியாவுக்காக 2007-இல் வந்த ஓர் ஆய்வறிக்கை வேறொன்றைக் காட்டியது. தரைக்கு இணையாகச் சுட்டால், கனத்த ஸ்லக் மண்ணில் பட்டுத் தெறித்து மறுபடி கிளம்பிவிடுகிறது. குளத்தில் ஓடு எறிந்தால் தத்திப் போகுமே, அதுபோல. அப்படிச் சுடும்போது தெறிப்பையும் சேர்த்தால் ரைஃபிள் தோட்டாவைவிட அதிகத் தூரம்கூடப் போகலாம்.

தோட்டாவைத் தேர்ந்தெடுத்து இதைத் தீர்க்க முடியாது, நிற்கும் இடத்தை மாற்றினால் முடியும். கொல்லிமலை அடிவாரத்தில் இரவுக் காவலுக்குப் பரண் கட்டும் பழக்கம் புதிதல்ல. பத்தடி உயரப் பரணிலிருந்து கிட்டத்தில் நிற்கும் பன்றியைப் பார்த்துச் சாய்வாகச் சுடும்போது, தவறிய குண்டும் ஊடுருவிப் போன குண்டும் பெரும்பாலும் பாத்தி மண்ணிலேயே இறங்கிவிடும். கிழங்கு பிடுங்கி முடித்து டிராக்டர் உழும்போது, காளான்போல் விரிந்து நசுங்கிய அந்த மூன்றரை பவுன் ஈயம் கல்லோடு கல்லாக மேலே வரும்.