ஊசி போட்டா சரியாயிடும்!

(தலைப்பு: முதுமையின் வலிக்குத் தேவை உடனடித் தீர்வா? நிதானத் தீர்வா?
அணி: நிதானத் தீர்வே!)

நடுவர் அவர்களே! எதிரணியிலே இருக்கிற அவசரக்காரர்களே! (சிரிப்பு) இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னாடி பேசின சகோதரி கேட்டாங்க, "வலியில துடிக்கிறவங்ககிட்ட நிதானம் பேசலாமா?" என்று. நியாயமான கேள்விங்க. கால் வரைக்கும் மின்னல் மாதிரி வெட்டுகிற நரம்பு வலிக்கு, முதுகிலே ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் நிம்மதி கிடைக்கலாம். மறுக்கவில்லை. 1948-லே கார்டிசோன் வந்தபோது முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950-லே அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்.

ஆனா, என் மாமியார் கதையைக் கேளுங்க. மருமகள் மாமியாருக்காக வாதாடுறது பட்டிமன்றத்துக்கே புதுசு! (பலத்த சிரிப்பு)

வயது 68. முதுகுவலி. ஒன்றரை வருஷத்திலே மூணு ஊசி. மூணு தடவையும் "வலி ஊசி" என்றுதான் சொன்னாங்க. ஸ்டீராய்டு என்ற வார்த்தையை யாரும் சொல்லலை. ஒரு நாள் இட்லிக் குண்டானைத் தூக்கினாங்க, சுளீர்னு ஒரு வலி. பழைய வலி திரும்பிடுச்சுன்னு நாலாவது ஊசிக்குக் கிளம்பிட்டாங்க! நல்லவேளை, அங்கே புதுசா வந்திருந்த டாக்டரம்மா முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. முதுகெலும்பிலே இரண்டு எலும்பு நொறுங்கிச் சப்பிப் போயிருந்தது.

எலும்பு என்பது ஓயாமல் ரிப்பேர் நடக்கிற வீடுங்க. ஒரு கூட்டம் இடிக்கும், ஒரு கூட்டம் கட்டும். மாதவிலக்கு நின்ற பிறகு, இடிக்கிறவர்களை அடக்கி வைத்த ஈஸ்ட்ரோஜன் மேஸ்திரி போய்விடுகிறார். அந்த நேரத்திலே ஸ்டீராய்டு வந்து கொத்தனாருக்கும் லீவு கொடுத்தால்? (சிரிப்பு) குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. இருப்பதும் சிறுநீரிலே போகும்.

2013-லே அமெரிக்காவிலே டெட்ராய்ட் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதுகிலே போடுகிற ஒவ்வோர் ஊசிக்கும் முதுகெலும்பு முறிகிற அபாயம் 21 சதவீதம் கூடுகிறது என்றார்கள். எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஊசிதான் உடைத்தது என்று நானும் சத்தியம் பண்ண மாட்டேன். வயசுக்கும் பங்கு உண்டு. ஆனா, "அம்மா, எலும்பு அடர்த்தி பார்த்தீங்களா? இதுக்கு முன்னாடி எத்தனை ஊசி போட்டீங்க?" என்று ஒருத்தர் கேட்டிருக்கலாமே! அரை மணி நேரத்திலே முடிகிற டெக்ஸா ஸ்கேன் அது! (கைதட்டல்)

இன்னைக்கு அத்தைக்கு எலும்புக்கு மாத்திரை, கால்சியம், சாயங்காலம் மெள்ள நடை. வலி குறைஞ்சிருக்கு. குறைஞ்ச உயரம்தான் திரும்பலை. பாவாடை எல்லாம் தரையிலே புரளுதுன்னு போன வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிச்சுத் தைச்சேன்.

நடுவர் மணியிலே கை வைக்கிறார். (கைதட்டல்)