கடற்குதிரை வளர்க்கலாமா?

குதிரைத் தலையும் சுருள் வாலும் படைத்த கடற்குதிரையைக் காண்போர்க்கு, அதனை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆசை எழுவது இயல்பே. சித்தூரிலும் மூணாற்றிலும் வாழும் நம்மவரிடையேயும் அவ்வாசை உண்டு. மீன் வளர்ப்பில் புதிதாக இறங்குவோர்க்கு அது ஏற்றதுதானா என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

கடற்குதிரையும் ஒரு மீனே. ஆயின் அதற்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. உண்டது விரைவிற் கழிந்துவிடுவதால் நாள்தோறும் பன்முறை இரை வேண்டும். அதுவும் பெரும்பாலும் உயிருள்ள சிற்றிறால் போன்றதாய் இருத்தல் வேண்டும். நீந்தும் வலிமையும் குறைவு. ஆதலின், வாலாற் பற்றிக்கொள்ளப் புல்லோ கொம்போ அமைத்தல் வேண்டும். விரைந்து நீந்தும் மீன்களை உடன் விட்டால், இதற்கு இரை எஞ்சாது.

இனி நீரைப் பார்ப்போம். பாலக்காடும் இடுக்கியும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். சமையல் உப்பைக் கரைத்த நீர் கடல்நீர் ஆகிவிடாது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கொண்ட கடல்நீரில் மக்னீசியம், கால்சியம் முதலியனவும் கலந்துள்ளன. கழிவில் எழும் அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியிற் பெருகச் சில வாரங்கள் ஆகும். பாலக்காட்டுக் கோடையும் மூணாற்று மார்கழிக் குளிரும் நம் வெப்பக் கடலுயிர்க்கு ஒவ்வா.

இவையனைத்தையும் சமாளிக்க வல்லார்க்கும் சட்டம் தடையாக நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001இல் கடற்குதிரைகள் சேர்க்கப்பட்டன. நம் கடலிற் கிடைப்பவற்றைப் பிடித்தலும் விற்றலும் குற்றமாயின. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபட்டவை, உலர்த்தப்பட்டு, மருந்துச் சரக்காக அயல்நாடுகளுக்குச் சென்றதே இதற்குப் பெருங்காரணம். இவ்வினத்தில் ஆண்தான் தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சுகளை ஈனுகிறது. சுமையுடன் கூடிய ஓர் ஆணைப் பிடித்தால், அத்தலைமுறையையும் சேர்த்தே பிடித்தவர் ஆவோம் அன்றோ!

ஆகவே மறைவாக விற்க எவரேனும் முன்வரினும் மறுத்துவிடுவோம். மீன் வளர்க்கும் ஆவல் உடையோர் நன்னீரில் வாழும் கப்பி மீனிலிருந்து தொடங்கலாம். எளிய உணவும் சிறிய தொட்டியும் அதற்குப் போதும். நீரைப் பேணும் பழக்கமும் கைவரும். கடற்குதிரைக்கு உரிய வீடு கடற்புல்வெளியே. 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவுக்கென்று காக்கப்படும் அப்புல்வெளி, கடற்குதிரைக்கும் புகலிடமாகும். அது அங்கே வாழ்வதே நமக்கு உவப்பாகுக.